சிவப்பு விளக்கு ஏன் அணைகிறது?

டைனமோ பொருத்திய பழைய கார் ஒன்றில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால், ஒன்றைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கிச் சற்று வேகம் எடுத்ததும் அது அணைந்துவிடும். ஓடும் வழியில் மீண்டும் எரிந்தாலோ, ஓட்டுநரின் முகம் மாறிவிடும்! ஏன்?

எஞ்சின் ஒரு பெல்ட்டின் மூலம் டைனமோவைச் சுழற்றுகிறது. காந்தப்புலத்தில் சுழலும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதை ஒரே திசையில் பாயும் மின்சாரமாகக் கம்யூட்டேட்டர் மாற்றித் தருகிறது. கார்பன் பிரஷ்கள் அதை வெளியே கொண்டுவருகின்றன.

காந்தப்புலம் எங்கிருந்து வந்தது? டைனமோவின் இரும்பில் எப்போதும் சிறிதளவு காந்தம் எஞ்சியிருக்கும். அது சிறிது மின்சாரத்தைத் தரும். அந்த மின்சாரம் புலச் சுருளில் பாய்ந்து காந்தத்தை வலுவாக்கும். வலுத்த காந்தம் இன்னும் அதிக மின்சாரம் தரும். 1866-67இல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்சும், இங்கிலாந்தில் வீட்ஸ்டனும் வார்லியும் கண்ட வழி இது.

ஆனால் ஒரு சிக்கல். கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாகவும், நெடுஞ்சாலையில் பல மடங்கு வேகமாகவும் ஓடுகிறது. மின்னழுத்தமும் அதற்கேற்ப ஏறி இறங்கும். பாட்டரிக்கோ ஏறக்குறைய நிலையான அழுத்தம் வேண்டும். எனவே மூன்று காவலர்கள் தேவைப்பட்டனர். மூவரும் மின்காந்தங்களே.

முதற் காவலர் 'கட்-அவுட்'. டைனமோவின் அழுத்தம் 12 வோல்ட் பாட்டரியை மிஞ்சி, ஏறத்தாழ 13 வோல்ட்டை எட்டியதும், இதன் காந்தம் ஒரு தகட்டை இழுத்து இணைப்பைக் கொடுக்கும். எஞ்சின் வேகம் குறைந்தால் மின்சாரம் பாட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பிப் பாயத் தொடங்கும். அந்த எதிரோட்டம் காந்தத்தைப் பலவீனமாக்க, வில்சுருள் தகட்டை விடுவித்துவிடும். கட்-அவுட் ஒட்டிக்கொண்டுவிட்டால்? எஞ்சின் நின்ற பின்னும் பாட்டரி டைனமோவில் வடிந்துகொண்டே இருக்கும். பாட்டரி தீர்ந்துபோகும், கம்பிகள் சூடேறிக் கருகவும் கூடும்.

இரண்டாமவர் மின்னழுத்தச் சீராக்கி. அழுத்தம் வரம்பை மீறினால் இது புலச் சுருளின் நேர்வழியைத் திறந்து, மின்னோட்டத்தை ஒரு தடை வழியே அனுப்பும். காந்தம் தளரும், அழுத்தம் இறங்கும், உடனே நேர்வழி மூடிக்கொள்ளும். நொடிக்குப் பல பத்து முறை இப்படி நடப்பதால் சராசரி அழுத்தம் சீராக இருக்கிறது. இது பழுதானால் பாட்டரி நீர் கொதிப்பதுபோல் குமிழியிடும். வெளிவருவது வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு! விளக்குகளும் கருகிவிடும்.

மூன்றாமவர் மின்னோட்டச் சீராக்கி. தீர்ந்துபோன பாட்டரி மிகுதியான மின்சாரத்தை இழுக்கும்போது, டைனமோ தன் வலுவுக்கு மேல் உழைத்து எரிந்துவிடாமல் இது தடுக்கும்.

இனி சிவப்பு விளக்கு. அதன் ஒரு முனை பாட்டரியோடும், மறுமுனை டைனமோவோடும் இணைந்துள்ளது. டைனமோ ஓடாதபோது ஒரு புறம் 12 வோல்ட், மறுபுறம் சுழி. எனவே விளக்கு எரிகிறது. இரண்டும் சமமானால் வேறுபாடு இல்லை, விளக்கு அணைகிறது!

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவான, புதிய டார்ச் செல்கள் இரண்டை எடுத்து, எதிர்முனைகளைக் கம்பியால் இணையுங்கள். நேர்முனைகளுக்கு இடையே ஒரு டார்ச் பல்பை வையுங்கள். எரியாது. ஒரு செல்லை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் கம்பி ஒன்றை வையுங்கள். பல்பு எரியும்!

1960இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அதிலுள்ள டயோடுகள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். அதனால் கட்-அவுட்டுக்கு வேலை இல்லை. தன் மின்னோட்டத்தை ஆல்டர்னேட்டர் தானே கட்டுப்படுத்திக்கொள்வதால், மூன்றாம் காவலரும் விடைபெற்றார். இரண்டாமவர் மட்டும் இன்றும் இருக்கிறார். தகட்டை இழுத்து விடுவதற்குப் பதிலாக, ஒரு சிறு குறைகடத்திச் சில்லாகப் பணிபுரிகிறார்.