கார்க் கதவு ஏன் தொங்குகிறது?

தேய்ந்துபோன கீல்களைக் கழற்றிவிட்டுப் புதிய கீல்களைப் பொருத்தியாயிற்று. கார்க் கதவைச் சாத்திப் பார்க்கிறோம். அதன் பின்விளிம்பு ஓர் இழை இறங்கி நிற்கிறது. பூட்டு நேராக நுழையாமல் இடிக்கிறது. ஓங்கி அறைந்தால்தான் கதவு மூடுகிறது. கீல்களோ புதியவை, போல்ட்டுகளும் இறுக்கமாகவே உள்ளன. பிறகு ஏன் இந்தக் கோணல்?

விடை, பள்ளியில் நாம் படித்த நெம்புகோல் விதியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் கதவைச் சரிசெய்யும் முறை மட்டுமன்றி, செய்யவே கூடாத ஒரு தவறும் நமக்கு விளங்கிவிடும்.

கீல்கள் தாங்கும் சுமை

வீட்டுக் கதவில் மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே பொதுவாக ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். கார்க் கதவில் அத்தனை இடம் இல்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள சிறு பகுதிக்குள் இரண்டு கீல்களும் அடங்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கதவின் எடை 25 கிலோ, அகலம் 100 செ.மீ., கீல்களுக்கு இடையே உள்ள தூரம் 40 செ.மீ. என்று கொள்வோம். கதவின் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போது கதவைக் கீழே சாய்க்க முயலும் திருப்புத்திறன் 25 × 50 = 1250. இதை 40 செ.மீ. இடைவெளியில் உள்ள கீல்கள் தடுத்து நிறுத்த வேண்டும். 1250-ஐ 40-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 31 கிடைக்கிறது. அதாவது, மேல் கீலைத் தூணிலிருந்து பின்னோக்கி 31 கிலோ விசை இழுக்கிறது. கீழ்க் கீலை அதே விசை தூணை நோக்கி அழுத்துகிறது. 

திறந்த கதவின் ஓரத்தில் கையை ஊன்றி ஒருவர் இறங்குகிறார். 20 கிலோ விசையுடன் அழுத்துகிறார் என்போம். ஒவ்வொரு கீலிலும் மேலும் 50 கிலோ விசை சேர்கிறது! கீல்கள் நாளடைவில் தேய்வதில் வியப்பென்ன?

சிறு பிழை பெரிதாகிறது

விசையைப் போலவே பிழையும் பெருகுகிறது. மேல் கீல் 1 மி.மீ. பின்னே நகர்ந்தால், 40 செ.மீ.க்கு 1 மி.மீ. என்ற அளவில் கதவு சாய்கிறது. 100 செ.மீ. தள்ளியுள்ள பின்விளிம்பு இதனால் இரண்டரை மி.மீ. இறங்கிவிடும். கதவைச் சுற்றியுள்ள இடுக்கே சில மி.மீ. அளவுதான். ஆகவே இந்த இறக்கம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

புதிய கீலின் தகடு பழையதைவிடச் சற்றே தடித்திருக்கலாம். போல்ட் துளையில் ஓர் இழை விலகியிருக்கலாம். பழைய கீலின் அடையாளத்தின் மேலேயே புதிய கீலைப் பொருத்தினாலும் கதவு கோணலாக நிற்பதற்கு இதுவே காரணம். பழைய அடையாளம் வேலையைத் தொடங்கும் இடம் மட்டுமே.

முக்காலியும் கதவும்

சமமற்ற தரையிலும் முக்காலி ஆடுவதில்லை. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்பதே காரணம். மூடிய கார்க் கதவும் மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது: இரண்டு கீல்கள், ஒரு பூட்டு.

ஒரு புள்ளியை நகர்த்தினால் முழுத்தளமும் சாயும். கீழ்க் கீலை வெளிப்புறமாக நகர்த்தினால், அதற்கு மூலைவிட்டமாக உள்ள பின்பக்க மேல்மூலை உள்ளே செல்லும். மேல் கீலை வெளியே நகர்த்தினால், பின்பக்கக் கீழ்மூலை உள்ளே போகும். அனுபவமுள்ள தொழிலாளி மேல்மூலையைப் பார்த்துவிட்டுக் கீழ்க் கீலில் ஸ்பானரை வைப்பதன் இரகசியம் இதுதான்.

சரிசெய்யும் முறை

முதலில் ஸ்டிரைக்கரைக் கழற்றிவிட வேண்டும். கதவின் பூட்டு கவ்விக்கொள்வதற்காகத் தூணில் பொருத்தப்பட்டுள்ள தடித்த வளையமே ஸ்டிரைக்கர். அது இருந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிரைக்கர் இருக்கும்வரை, இறங்கிய கதவை மூடும்போது அது தூக்கிவிட்டு உண்மையை மறைக்கும்.

அடுத்து, கதவைச் சிறிது திறந்து பின்விளிம்பை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீலின் ஊசியோ, புஷ்ஷோ, போல்ட்டோ சரியில்லை. அதைக் கவனிக்காமல் மேலே செல்வது வீண். ஆட்டம் இல்லையென்றால் கீல் அமர்ந்துள்ள இடத்தில்தான் பிழை.

பிறகு கதவை மெதுவாகச் சாத்தி, நான்கு பக்க இடுக்கையும் பாருங்கள். நான்கு கதவுள்ள காரில் பின்கதவிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பின்னே உள்ள தகடு உடலோடு பற்றவைக்கப்பட்டது, நகராது. நகராத தகட்டுக்குப் பின்கதவையும், பின்கதவுக்கு முன்கதவையும், முன்கதவுக்கு மட்கார்டையும் பொருத்துவதே முறை.

கதவுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, அதன் மேல் மரக்கட்டையும் துணியும் வைத்துத் தாங்குங்கள். ஒரு சமயத்தில் ஒரே கீலின் போல்ட்டுகளைச் சிறிதளவு தளர்த்தி, நகர்த்தி, இறுக்கிவிட்டுச் சாத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தளர்த்தினால், எது எதை மாற்றியது என்பதே தெரியாமல் போகும். முதலில் மேல்-கீழ், அடுத்து முன்-பின், கடைசியில் உள்-வெளி என்ற வரிசை நல்லது.

பின்விளிம்பு மட்டும் இறங்கியிருந்தால், பல கார்களில் கீழ்க் கீலுக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகினால் போதும். நாம் கண்ட கணக்குப்படி 1 மி.மீ. தகடு பின்விளிம்பை இரண்டரை மி.மீ. உயர்த்தும். சில கார்களில் கீல்கள் தூணோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றுக்குக் கதவுப் பக்கத்து போல்ட்டுகளே வழி. மரக்கட்டையைக் கொடுத்துக் கதவை நெம்புவது தகட்டை வளைத்துவிடும். கதவுக்குள் செல்லும் மின்கம்பிகளும் இழுபடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டிரைக்கர் கடைசியில்

கதவு சரியாக நின்ற பிறகே ஸ்டிரைக்கரைத் திரும்பப் பொருத்த வேண்டும். மெதுவாகச் சாத்தும்போது, பூட்டு கவ்வும் நொடியில் கதவு மேலே எழவும் கூடாது. கீழே இறங்கவும் கூடாது. பீடிங் ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் அது ஒரே மாதிரியான பிடிப்புடன் வர வேண்டும். எளிதாக வழுக்கி வரும் இடத்தில் மழைநீர் புகும்.

இப்போது அந்தத் தவறுக்கு வருவோம். கீலைத் தொடாமல், இறங்கிய கதவுக்கு ஏற்ப ஸ்டிரைக்கரை இறக்கி வைத்துவிடுவதே அது. ஐந்து நிமிட வேலை, கதவும் மூடிவிடும். ஆனால் கோணலான பூட்டு முழுவதும் கவ்வாமல் நின்றுவிடலாம்.

பூட்டில் இரண்டு நிலைகள் உண்டு. கதவைச் சாத்தும்போது கேட்கும் இரண்டு சொடுக்கொலிகள் இவற்றைக் குறிப்பவை. 1968-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அமெரிக்கத் தரவிதியின்படி, முழுவதும் கவ்விய பூட்டு காரின் நீளவாக்கில் சுமார் 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். முதல் நிலையில் நிற்கும் பூட்டுக்கு 4,450 நியூட்டன் போதும். அரைகுறையாக மூடிய கதவில் நாம் நம்பக்கூடியது பாதிக்கும் குறைவான வலிமையே!

இந்த விதி காரணமின்றிப் பிறக்கவில்லை. 1950-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹியூ டி ஹேவன் தலைமையில் கார் விபத்துகளை ஆராய்ந்தவர்கள், மோதலில் கதவு திறந்துகொண்டு மனிதர்கள் வெளியே எறியப்படுவதை உயிரிழப்புக்கு ஒரு முக்கியக் காரணமாகக் கண்டனர். அதன் பின்னரே, 1956-ஆம் ஆண்டு மாடலிலிருந்து ஃபோர்டு கார்களில் வலுவான கதவுப் பூட்டுகள் இடம்பெற்றன.

கதவு தொங்கினால் பழுது தெரியும் இடம் பூட்டு. பழுது பிறந்த இடம் கீல். பிறந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டரைத் திருத்துங்கள். இரண்டாவது சொடுக்கொலி தானாகக் கேட்கும்.