பிள்ளைகள் இணைய விளையாட்டில் காசு செலவழிக்கலாமா?

"அம்மா, ரெண்டு வெள்ளிதான்மா... எல்லாரும் வாங்கிட்டாங்க!"

பள்ளி விடுமுறையில் இந்தக் கெஞ்சலைக் கேட்காத வீடு குறைவு. ரெண்டு வெள்ளிதானே என்று நாமும் மறைச்சொல்லைத் தட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

தொகை சிறியதுதான். ஆனால் பிள்ளைக்கு அது பணமாகவே தெரிவதில்லை. ரோப்லாக்ஸில் வெள்ளி 'ரோபக்ஸ்' ஆகிறது, ஃபோர்ட்நைட்டில் 'வி-பக்ஸ்'. 400 ரோபக்ஸுக்கு எத்தனை தட்டு கோழிச் சோறு வாங்கலாம் என்று 7 வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் போடத் தெரியாது. (எனக்கே தெரியாது!)

மர்மப் பெட்டிகள் இன்னும் மோசம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே காசு கட்டணும். நினைத்தது வரவில்லையா? இன்னொரு பெட்டி. பெல்ஜியம் 2018இல் இதைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

கை தவறி வாங்குவதும் உண்டு. ஃபோர்ட்நைட்டில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினாலே காசு போய்விடுகிறது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. எபிக் கேம்ஸ் நிறுவனம் 245 மில்லியன் அமெரிக்க டாலர் திருப்பித்தர 2022இல் ஒப்புக்கொண்டது.

அப்படின்னா விளையாடவே கூடாதா? விளையாடட்டும். கடன்பற்று அட்டை விவரம் பதிவான கைத்தொலைபேசியை மட்டும் கொடுக்காதீங்க. ஐஃபோனின் குடும்பப் பகிர்வு வசதியில் 'ஆஸ்க் டு பை' தெரிவை இயக்கினால், ஒவ்வொரு முறையும் உங்கள் அனுமதி தேவைப்படும். கூகுள் பிளேயில் ஒவ்வொரு முறையும் மறைச்சொல் கேட்கும்படி வைக்கலாம்.

கொடுத்தே ஆகணும்னா, 10 வெள்ளிக்கு ஓர் அன்பளிப்பு அட்டை. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஏற்கெனவே காசு போயிடுச்சா? தாமதிக்காமல் திருப்பிக் கேளுங்கள். கூகுள் பிளே என்றால் 48 மணி நேரத்துக்குள் விண்ணப்பிப்பது நல்லது.