சிறகு முளைத்த காரும் தங்கம் போர்த்திய காரும்

மல்லசமுத்திரம் பக்கம் வண்டி என்றால் லாரிதான். எத்தனை டன் தாங்கும் என்று கேட்பார்களே தவிர, வேகத்தை யார் விசாரிக்கிறார்கள்? அந்த ஊரில் என் அத்தையிடம், கோடீசுவரர்கள் போட்டி போட்டு வாங்கிச் சேர்க்கும் இரண்டு கார்களின் படங்களைக் காட்டினேன்.

ஒன்று, ஜெர்மனியின் மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். 1954 முதல் 1957 வரை 1,400 கார்களே செய்தார்கள். கதவுகள் பறவையின் சிறகு போல மேல்நோக்கித் திறக்கும். அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே! எடை குறைய வேண்டுமென்று மெல்லிய இரும்புக் குழாய்களைப் பின்னிச் சட்டம் அமைத்தார்கள். பக்கவாட்டில் அது உயர்ந்துவிட்டதால் சாதாரணக் கதவுக்கு இடமில்லாமல் போயிற்று!

“ஏங்கண்ணு, பொடவையோட இதுல எப்படி ஏறுறது?” என்றாள் அத்தை.

நியாயமான கேள்வி. ஓட்டுகிறவர் நுழையவே ஸ்டியரிங்கைச் சாய்க்க வேண்டியிருந்தது.

மற்றது, இங்கிலாந்தின் மக்லாரன் எஃப் 1. 1992-ல் அறிமுகமாயிற்று, 1998-க்குள் மொத்தம் 106 கார்கள்தாம். அந்த 1998-ல் மணிக்கு 386 கிலோமீட்டர் ஓடிக் காட்டியது. 2021-ல் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. எஞ்சின் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடு, ஏறக்குறைய இரண்டு பவுன்! சூட்டைத் திருப்பி அனுப்பத் தங்கத்துக்கு நிகரில்லையாம்.

“எஞ்சினுக்குப் போய் நகை போடுவாங்களா?” என்று அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

என் மனம் என்னவோ சிறகுக் காரிடமே நின்றது. அத்தை சம்மதிக்கவில்லை. மக்லாரனில் ஓட்டுகிறவர் நடுவில். இரு பக்கமும் ஆளுக்கொரு இருக்கை.

“இதுதாங் கண்ணு நல்ல வண்டி. நானும் உங்க மாமனும் ரெண்டு பக்கமும் உக்காந்துக்கறோம். நீ ஓட்டு!”