தூங்கத் தூங்க ஆயுசு கூடும் 'ஈரம் பார்க்கும்' கருவி: 2 பேட்டரியில் ஒரு வருஷம் ஓடுவது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரி விவசாயிக்கு ஐப்பசி வந்தால் கண்ணு வானத்து மேலதான். புரட்டாசியில் பருத்தி, சோளம், உளுந்து என்று போட்டாகிவிட்டது. மழை விட்டு பத்து நாள் ஆனால் கரிசல் மண் மேலாக வெடித்துவிடும். ஆனால் ஒரு சாண் கீழே ஈரம் இருக்கா, இல்லையா? உரம் போடலாமா? பண்ணைக்குட்டையில் கிடக்கிற கொஞ்சத் தண்ணியை இன்னிக்கே இறைச்சு விடலாமா? தோண்டிப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். கணக்கு தப்பினால் விதை, உரம், கூலி அத்தனையும் போச்சு.

இந்த ஈரத்தை அளந்து சொல்லத்தான் சென்சார் கருவிகள். மண்ணில் பதித்தால் போதும். வயர் இல்லாமல், ஒரு கருவி பக்கத்துக் கருவிக்குச் சொல்ல, அது அடுத்ததுக்குச் சொல்ல, கடைசியில் ஊருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு தகவல் போய்ச் சேரும்.

சிக்கல் கரண்டில்தான். காட்டுக்குள் லைன் ஏது? பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் மின்நிலையமே வந்தது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் சோலார் தகடு என்றால் செலவு எகிறும், தூசி படியும், திருட்டுப் பயமும் உண்டு. அதனால் பல கருவிகள் டார்ச் லைட்டுக்குப் போடுகிற மாதிரி 2 சின்ன பேட்டரியில்தான் ஓடுகின்றன.

காது கொடுத்தாலே காலி!

அந்த பேட்டரியில் இருப்பது, செல்போன் பேட்டரியில் போட்டிருக்குமே, அந்த எம்ஏஎச் கணக்கில் சுமார் 2,500. ரேடியோ விழித்திருந்தால் 20 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அப்படியே விட்டால் 5 நாளில் பேட்டரி காலி. இதில் வேடிக்கை என்னவென்றால், பேசுவதைவிட கேட்பதற்குத்தான் கரண்ட் கூடுதல். சிசி2420 என்ற ரேடியோ சிப்பில் தகவல் அனுப்ப சுமார் 17 மில்லி ஆம்பியர், கேட்க சுமார் 19. யாரும் பேசாவிட்டாலும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாலே செலவுதான்.

இதற்கு வழி தூக்கம். 100 விநாடியில் 1 விநாடி மட்டும் விழித்தால், கணக்குப்படி அதே பேட்டரி ஒரு வருஷத்தையே தாண்டும். எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் முழிக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் ஒன்று கூப்பிட மற்றது தூங்கும்.

இன்னொரு தொல்லை, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கருவி. எல்லோர் தகவலையும் சுமந்து அதுதான் முதலில் சாகும். இப்படி ஒருத்தர் தலையிலேயே சுமை விழாமல், கருவிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கண்மாய்த் தண்ணிக்கு முறை வைப்பது போல, தகவலைத் திரட்டி அனுப்பும் தலைமை வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2000-ல் சொன்னார்கள்.

நம்ம ஊர் மாதிரியே வறண்ட பூமியான கர்நாடக மாநிலம் பாவகடாவில், மானாவாரி நிலக்கடலைக்காக பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் 2000-களிலேயே இந்த சென்சார் வலையைப் போட்டுப் பார்த்தன. மூணாறில் நிலச்சரிவு எச்சரிக்கைக்கு அமிர்தா பல்கலைக்கழகம் வைத்த கருவிகளிலோ வேறு தந்திரம். மழை இல்லாதபோது அளவெடுப்பது குறையும், மழை வலுத்தால் கூடும்.

மண் ஈரத்துக்கு அந்த அவசரம்கூட இல்லை. அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறாது. கருவி வாங்க நினைப்பவர்கள் விலை கேட்பதோடு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை அளக்கும், அந்த எண்ணிக்கையை நாமே குறைக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. மணிக்கு ஒரு தடவை என்றாலே தாராளம்.