இரும்பு மிதக்கும் நாள்

பிறந்த மண்ணில் பிறர்க்கு அடங்கி வாழ்வதா, அம்மண்ணைத் துறந்து உரிமையோடு வாழ்வதா? ஒரு நகரத்து மக்கள் அனைவரும் ஒரே பகலில் இக்கேள்விக்கு விடை காண நேர்ந்தது. அந்நகரத்தின் பெயர் போக்கேயா.

சின்னாசியாவின் மேற்குக் கரையில், இன்று துருக்கி நாட்டில் ஃபோச்சா என வழங்கும் ஊரே பண்டைய போக்கேயா. கிரேக்கருள் நெடுங்கடற் பயணத்தை முதன்முதல் மேற்கொண்டோர் இவ்வூரினரே என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். ஐம்பது துடுப்புகள் கொண்ட கப்பல்களில் அவர்கள் ஸ்பெயின்வரை சென்றனர். கி. மு. 600 அளவில் அவர்கள் நிறுவிய மசாலியா என்னும் குடியேற்றமே பிரான்சின் இன்றைய மார்செய் நகரம். ஸ்பெயினின் தென்பகுதியை ஆண்ட அர்கந்தோனியஸ் என்னும் மன்னன் தன் நாட்டிற் குடியேறுமாறு அவர்களை அழைத்தான். அவர்கள் இசையாமை கண்டு, ஊருக்கு மதில் எழுப்பப் பொருள் ஈந்தான்.

கி. மு. 546 ஐ ஒட்டி, பாரசீகப் பேரரசன் சைரஸின் தளபதி ஹர்ப்பகஸ் அந்நகரை முற்றுகையிட்டான். மதிலில் ஒரு கொத்தளத்தை இடித்து, ஒரு வீட்டை அரசனுக்கு அளித்தாற் போதும் என்றான். நிபந்தனை சிறிது, ஆயினும் அதன் பொருள் அடிமைத்தனம் என்பதை மக்கள் உணர்ந்தனர். சிந்திக்க ஒரு நாள் தவணை கேட்டனர். படை விலகி நின்ற அந்நாளிலே, பெண்டிர், பிள்ளைகள், தட்டுமுட்டுப் பொருள்கள், கோயிற் படிமங்கள் ஆகியவற்றைக் கப்பலேற்றிப் புறப்பட்டனர். பாரசீகர் கைப்பற்றியது ஆளில்லாத ஊரையே.

அயலிலிருந்த கியோஸ் தீவினர், தம் வணிகம் கெடுமென அஞ்சி, அருகிலிருந்த சிறு தீவுகளை இவர்களுக்கு விற்க மறுத்தனர். எனவே, மேற்கே கோர்சிக்காத் தீவுக்குச் செல்லத் துணிந்தனர். அதற்குமுன் ஒருமுறை ஊருக்கு மீண்டு, அங்கிருந்த பாரசீகக் காவற்படையை அழித்தனர். பின், இரும்புப் பாளமொன்றைக் கடலில் இட்டு, அது மிதந்தெழும் நாள்வரை ஊர் திரும்புவதில்லை எனச் சூளுரைத்தனர்.

ஆயினும், ஊர்ப்பற்று சூளுரையினும் வலிதாயிற்று. பாதிக்கு மேற்பட்டோர் வழியிலேயே கப்பலைத் திருப்பினர்.

மற்றையோர், தம்மவர் முன்னரே குடியேறியிருந்த அலாலியாவை அடைந்து ஐந்தாண்டு வாழ்ந்தனர். அயலாரைக் கொள்ளையிட்டமையால், கார்த்தேஜினரும் எத்துருஸ்கரும் 120 கப்பல்களுடன் எதிர்த்து வந்தனர். போக்கேயரின் 60 கப்பல்களுள் 40 அழிந்தன. எஞ்சியோர் தென் இத்தாலியில் எலேயா நகரை அமைத்தனர். மெய்யியலாளர் பார்மனிடீஸும் சீனோவும் அந்நகரத்தவரே.

மீண்டவரை வாக்குத் தவறியவர் என்று இகழ்ந்துவிடலாமா? பாரசீகருக்கு எதிராக அயோனிய நகரங்கள் கிளர்ந்தெழுந்தபோது, கி. மு. 494 இல் நடந்த லாடே கடற்போருக்குப் போக்கேயாவால் அனுப்ப முடிந்தவை மூன்று கப்பல்களே. எனினும், 353 கப்பல்கள் கொண்ட கிரேக்கக் கடற்படை, தன்னைப் பயிற்றும் பொறுப்பைப் போக்கேயத் தலைவன் தியோனீசியஸிடமே ஒப்படைத்தது.

1990களில் அகழ்வாய்வாளர் ஃபோச்சாவில் அப்பழைய மதிலின் ஒரு பகுதியைக் கண்டெடுத்தனர். அன்று மதில் ஊரைக் காக்கவில்லை, மக்களே காத்தனர். சென்றோரால் எலேயா எழுந்தது. மீண்டோரால் போக்கேயா அழியாது நின்றது.