கறுப்புச் சைக்கிள் கேட்ட பையனும் நான் கழற்றிய ரிப்ளெக்டர்களும்

சைக்கிள் உதிரிப்பாகக் கடை நடத்துபவன் என்ற வகையில் இந்த வாரம் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் மீண்டும் வீதிக்கு வந்தன. டயர், டியூப், செயின் என்று கேட்டுக் கடைக்கு ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். அந்த வியாபாரத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. பழைய சைக்கிளுக்குப் புதுத் தோற்றம் கொடுப்பது. பெயின்ட் அடிப்பது, ஹேன்டில் மாற்றுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது. டியூப் ஒட்டுவதை விட இதில் கூலி அதிகம். நானும் விடவில்லை.

அப்போது உயர்தரம் படிக்கும் பையன் ஒருவன் தன் வாப்பாவின் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

“காக்கா, முழுக்கக் கறுப்பா வேணும். மினுங்கப் படாது, மெட் கறுப்பு. இந்த மஞ்சள், சிவப்பு எல்லாத்தையும் கழட்டிருங்க, வடிவில்ல.”

மட்காட், செயின் கவர், ஸ்போக்கில் இருந்த ரிப்ளெக்டர், பின்பக்கத்துச் சிவப்பு ரிப்ளெக்டர் அனைத்தையும் கழற்றினேன். பெடலையும் மாற்றிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் சைக்கிள் வடிவாகத்தான் இருந்தது. கடை வாசலில் நிறுத்திப் படமும் எடுத்தேன்.

மூன்று வாரம் சென்றிருக்கும். டியூஷன் முடிந்து இருட்டில் வந்துகொண்டிருந்தவனைப் பின்னால் வந்த வேன் தட்டிவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேன் சாரதி வேகமாக வந்தவர் அல்லர், பொறுப்பில்லாதவரும் அல்லர். “தட்டின சத்தத்துலதான் அங்க சைக்கிள் இருக்கிறதே தெரிஞ்சது” என்றாராம். பையனின் வாப்பா என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வளைந்த சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டு, “எவ்வளவு செலவாகும்?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தை ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன்.

முதலில் சாரதியின் பக்கமிருந்து பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர். எதிரே ஏதோ இருக்கிறது என்று கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால் அதற்குள் 25 மீற்றர் போய்விடும். காய்ந்த வீதியில் வண்டி நிற்க இன்னும் 20 மீற்றர் வேண்டும். மொத்தம் 45 மீற்றர். மழை ஈரம் என்றால் இன்னும் கூடும். எதிரே வாகனம் வரும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்தித்தான் ஓட வேண்டும். அந்தத் தாழ்ந்த வெளிச்சத்தில் கறுப்புச் சைக்கிளும் கறுப்புச் சேர்ட்டும் அந்தத் தூரத்துக்குள் வந்த பின்னர்தான் கண்ணில் படும். கண்டாலும் நிறுத்த இடமில்லை. நல்ல ரிப்ளெக்டரோ நூறு மீற்றருக்கு அப்பாலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டு எப்படி அவ்வளவு வேலை செய்கிறது? அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன மூலைகள் நெருக்கமாக இருக்கும். அறையின் இரண்டு சுவரும் தரையும் சந்திக்கும் மூலையைப் போன்றவை. அதற்குள் நுழையும் ஒளி மூன்று பக்கத்திலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பிப் போகும். ஹெட்லைட்டிலிருந்து வந்த ஒளி ஹெட்லைட்டுக்கே திரும்புகிறது. சாரதியின் கண் அதற்குச் சற்று மேலே இருப்பதால் அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. கண்ணாடி அப்படியல்ல, சரிந்து விழும் ஒளியை வேறு பக்கம் அனுப்பிவிடும். ஆகவே குரோம் பூசிய ஹேன்டில் பகலில் எவ்வளவு மினுங்கினாலும் இரவில் அதை நம்ப முடியாது. இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934இல் பதிவு செய்த “பூனைக்கண்” வீதிக் குமிழும் ஒளியை வந்த வழிக்கே அனுப்பும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்.

வாடிக்கையாளரும், ஏன் நாமும், இன்னொரு இடத்தில் ஏமாறுகிறோம். கண்ணைப் பறிக்கும் பச்சை மஞ்சள் புளோரசன்ட் நிறம் இரவுக்கு நல்லது என்று நினைக்கிறோம். அது சூரிய ஒளியிலுள்ள ஊதாக் கடந்த கதிரை வாங்கி நிறமாக வெளிவிடுவது. பகலிலும் மழை மூட்டத்திலும் மிக நல்லது. இருட்டில் அதன் விசேடம் போய்விடும். அதேபோல சிவப்புச் சைக்கிள் எடுப்பாக இருக்கும் என்று வாங்குகிறார்கள். மஃரிப் நேரத்து மங்கலில் நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப் போகும் நிறம் சிவப்புத்தான்.

சரி, பையன்களிடம் “கறுப்பு வேண்டாம்” என்று சொன்னால் கேட்பார்களா? கேட்கமாட்டார்கள். வேறு கடைக்குப் போவார்கள். என்னிடமிருந்தும் போனார்கள்.

இதற்கு எனக்குக் கிடைத்த வழி கறுப்பு நிற ரிப்ளெக்டிவ் ஸ்டிக்கர். பகலில் வெறும் கறுப்பு. வெளிச்சம் பட்டால் வெள்ளையாக ஒளிரும். வெள்ளை ஸ்டிக்கர் அளவுக்குப் பிரகாசம் இல்லை, அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பிரேமின் குழாய்களிலும், பின் சில்லைப் பிடித்திருக்கும் இரண்டு கம்பிக் குழாய்களிலும், முன் போக்கிலும் அளவாக வெட்டி ஒட்டினால் ஒட்டியதே தெரியாது. இலக்கத்தகடு செய்யும் கடைகளில் ரிப்ளெக்டிவ் தாளில் எந்த வடிவமும் வெட்டித் தருவார்கள். பெயர், கோடு, நட்சத்திரம் என்று பையன் கேட்பதை வெட்டிக் கொடுங்கள். அலங்காரத்துக்குக் காசும் வருகிறது, இரவில் அவன் தெரியவும் செய்கிறான்.

ஆனால் பின்பக்கச் சிவப்பு ரிப்ளெக்டருக்குப் பதிலாக இதை வைக்கக் கூடாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்பது உலக வழக்கம். முன்பக்கம் சிவப்பு ஒட்டினால், எதிரே வருபவர் “இது எனக்கு முன்னால் போகும் வண்டி” என்று நினைத்துவிடுவார். பெடலில் உள்ள மஞ்சள் துண்டையும் நான் இப்போது கழற்றுவதில்லை. அது மேலும் கீழும் ஆடுவதால், தூரத்திலிருந்தே “மிதித்துக்கொண்டு போகிறான் மனிதன்” என்று சாரதிக்கு விளங்குகிறது. அசையாத புள்ளி மதகுக் கட்டையாகவும் இருக்கலாம். பெடலையே மாற்றினால் கணுக்காலில் கட்டும் ஒளிப்பட்டி ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன்.

பெயின்ட் வேலையில் ஒரு விடயம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், கட்டை உரசும் இடத்தில் பெயின்டோ ஸ்டிக்கரோ படவே கூடாது. சில்லு முழுக்கக் கறுப்பாக்கி, மழையில் பிரேக் பிடிக்காமல் வந்த சைக்கிள்களைக் கண்டிருக்கிறேன். ஹேன்டிலை உயர்த்தச் சொல்பவர்களுக்கு, தண்டில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டுக்கு மேல் இழுக்க மறுத்துவிடுங்கள். ஹேன்டில் முனையில் மூடி இல்லாமல் அனுப்பாதீர்கள். விழும் பிள்ளையின் வயிற்றில் குத்துவது அந்தத் திறந்த குழாய்தான்.

கெரியரில் பெட்டி கட்டி மீன், பாண், துணி விற்கும் நம் சிறு வியாபாரிகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் சைக்கிளில் ரிப்ளெக்டர் இருக்கலாம், ஆனால் பெட்டியும் சாக்கும் அதை மறைத்துவிடுகின்றன. சுபஹோடு சந்தைக்குப் போகும் நேரம் இன்னும் இருட்டுத்தான். பெட்டியின் பின்பக்கம் சிவப்புப் பட்டி, இரண்டு பக்கவாட்டிலும் வெள்ளை அல்லது மஞ்சள் பட்டி ஒட்டுங்கள். கடைப் பெயரை எழுதுவதானால் பெயின்டில் எழுதாமல் ரிப்ளெக்டிவ் எழுத்தில் ஒட்டினால் இரவிலும் விளம்பரம். டைனமோ லைட் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது, சில்லு நின்றால் பெரும்பாலானவற்றில் வெளிச்சமும் நின்றுவிடும். சந்தியில் திரும்பக் காத்து நிற்கும்போது நீங்கள் இருட்டில்தான் நிற்கிறீர்கள். பின்னால் பட்டரியில் எரியும் சிறு சிவப்பு லைட் ஒன்று கட்டாயம் வேண்டும்.

சந்தையில் ரிப்ளெக்டிவ் என்று சொல்லி வெறும் மினுங்கல் தாளையும் விற்கிறார்கள். மொத்தமாக எடுக்கும் முன் ஒரு துண்டை வாங்கிச் சோதியுங்கள். இரவில் சுவரில் ஒட்டிவிட்டு ஐம்பது எட்டு தள்ளி நில்லுங்கள். டோர்ச்சை இடுப்பில் பிடித்தால் சரியாகத் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு வைத்து அடியுங்கள். நல்ல தாள் என்றால் விளக்கு எரிவது போலத் தெரியும். இதே சோதனையைக் கடை மூடும் நேரத்தில் உங்கள் சொந்தச் சைக்கிளிலும் செய்து பாருங்கள். என்னுடையதில் பின் ரிப்ளெக்டர் மங்கலாகத்தான் தெரிந்தது. நான்கு மாதச் சேறு. ஈரத்துணியால் துடைத்தேன், சரியாகிவிட்டது.