செயின்சா பேண்ட்: பெண்கள் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பொழுது விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் தரையோடு சாய்ந்து கிடந்தன. விழுந்த மரங்களை அப்புறப்படுத்த ஊர் ஊராக மரம் அறுக்கும் மெஷின்கள் இறங்கின. அந்த வேலையில் பலரும் காலில் போட்டிருந்தது கைலியும் ரப்பர் செருப்பும்தான்.

மெஷின் பிடிப்பது பெரும்பாலும் ஆண்கள். ஆனால் தோப்பு வேலை ஆண்களோடு முடிந்துவிடுவதில்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியில் பெண்களும் சேர்ந்து கருவி மாட்டி மரம் ஏறக் கற்றார்கள். இப்போது எடை குறைந்த பேட்டரி செயின்சாக்களும் வந்துவிட்டன. சொந்தத் தோப்பில் ஒரு பெண் செயின்சாவைக் கையில் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: காலுக்கு என்ன பாதுகாப்பு?

ஜீன்ஸ் போதாதா?

போதாது. ஓடும் செயின் ஜீன்ஸை நொடியில் கிழித்துவிடும். செயின்சா பேண்ட் வேலை செய்யும் விதமே வேறு. மேல்துணிக்கு உள்ளே நீளமான இழைகள் பல அடுக்குகளாக, தளர்வாக அடுக்கப்பட்டிருக்கும். செயின் மேல்துணியைக் கிழித்ததும் இந்த இழைகளை வெளியே இழுக்கும். இழைகள் மெஷினுக்குள் போய்ச் சுற்றிக்கொள்ள, செயின் சிக்கி நின்றுவிடும். அதாவது, இந்த பேண்ட் வெட்டைத் தாங்குவதில்லை, மெஷினையே நிறுத்துகிறது.

ஆனால் எல்லா வேகத்திலும் நிற்கும் என்று உத்தரவாதம் கிடையாது. கிளாஸ் 1 என்றால் செயின் வேகம் நொடிக்கு 20 மீட்டர் என வைத்துச் சோதித்தது. கிளாஸ் 2-க்கு 24, கிளாஸ் 3-க்கு 28 மீட்டர். கடைசியாகச் சொன்னது மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகம். பேட்டரி மெஷினில் மோட்டாரின் இழுவிசை வேறு மாதிரி என்பதால், செயின் அதேபோல நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்?

டெல்டாவில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். சட்டை லூசாக இருந்தால் சேறு ஒட்டும், அவ்வளவுதான். செயின்சா பேண்டை அப்படி இரவல் வாங்கினால் ஆபத்து.

ஆண்கள் அளவில் இடுப்பெலும்புப் பகுதிக்குப் பொருந்துகிற பேண்டை எடுத்தால், பெண்களுக்கு வயிற்றுப் பக்கம் தொளதொளவென நிற்கும், காலும் நீளமாக இருக்கும். ஏ வகை பேண்டில் பாதுகாப்பு அடுக்கு பெரும்பாலும் காலின் முன்பக்கம் மட்டுமே. பேண்ட் லூசாகி ஒரு பக்கம் திரும்பினால், தொடைக்கு முன்னால் இருப்பது வெறும் துணி. சி வகையில் காலைச் சுற்றிலும் அடுக்கு உண்டு. ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் நிற்பது கஷ்டம்.

ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் சிக்கல்தான். குனிந்து உட்காரவோ காலைத் தூக்கி மரத்தைத் தாண்டவோ முடியாது.

டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்கலாமா?

கூடவே கூடாது. பாதுகாப்பு அடுக்கின் வழியாகத் தையல் ஓடினால் இழைகள் அங்கேயே பூட்டிக்கொள்ளும். செயின் இழுக்கும்போது வெளியே வராது. நீளத்தை வெட்டிக் குறைத்தாலும் இதே கதி. அதனால் சரியான கால் நீளத்தில் வாங்குவதே ஒரே வழி.

போட்டுப் பார்க்கும்போது

* இடுப்பு, இடுப்பெலும்புச் சுற்று, உள்கால் நீளம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளக்கவும். வேலைக்குப் போடும் பூட்ஸுடன் அளப்பது நல்லது.
* குத்துக்கால் போட்டு உட்காரவும். பின்பக்கம் இறங்கக் கூடாது.
* முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கவும். கால் விளிம்பு பூட்ஸுக்கு மேலே ஏறக் கூடாது.
* தொடைப் பக்கத் துணியைப் பிடித்துத் திருப்பவும். சுலபமாகச் சுற்றினால் அது பெரிய சைஸ்.
* இடுப்பில் நிற்காவிட்டால் பெல்ட்டை இறுக்குவதைவிட தோளில் மாட்டும் சஸ்பெண்டர் மேல்.
* லேபிளில் செயின்சா படமும் ஐஎஸ்ஓ 11393-2 (பழையதில் ஈஎன் 381-5) என்ற எண்ணும் இருக்கிறதா பார்க்கவும்.

பொருந்தும் சைஸ் கிடைக்காவிட்டால் பேண்டுக்கு மேல் கட்டும் சாப்ஸ் இருக்கிறது. பட்டைகளால் கூட்டிக் குறைக்கலாம். அதை சேலைக்கு மேல் கட்டக் கூடாது. கொசுவமும் முந்தானையும் செயினில் மாட்டினால் எந்தப் பாதுகாப்பும் உதவாது.

எப்போது தூக்கிப் போட வேண்டும்?

செயின் ஒருமுறை உள்ளடுக்கில் பட்டுவிட்டால் அந்த பேண்டின் ஆயுள் முடிந்தது. எண்ணெய் ஊறினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் லேபிளில் சொன்னபடி துவைத்து நிழலில் காயவைக்க வேண்டும். பிளீச்சிங், இஸ்திரி இரண்டும் வேண்டாம்.

அடுத்த புயல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. மரம் விழுந்த பிறகு அளவு எடுக்க நேரம் இருக்காது.